காருக்குள் கண்ணில் படாத யூ.எஸ்.பி. போர்ட்: எங்கே வைப்பது, மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்களுடையது சிறிய ஹேட்ச்பேக் கார். முன்னால் மியூசிக் சிஸ்டத்துக்கென ஒரு யூ.எஸ்.பி. போர்ட்டும், கியர் லீவருக்கு முன்னால் ஒரு 12 வோல்ட் சாக்கெட்டும் உள்ளன. பின் இருக்கைக்கு எதுவும் இல்லை. பின்னால் இரண்டு போர்ட், சாலையைப் படம் பிடிக்க முன் கண்ணாடியில் இருக்கும் டாஷ்கேமுக்கு ஒன்று என மொத்தம் மூன்று வேண்டும். வயரும் தெரியக் கூடாது, ஒட்டவைத்த பெட்டியும் தெரியக் கூடாது, வாரண்டியும் போகக் கூடாது. ஆக்சஸரீஸ் கடையில் "அரை மணி நேர வேலை" என்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

அரை மணி நேரத்தில் முடிப்பதாகச் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். வேலை கடினமானது என்பதற்காகச் சொல்லவில்லை. மூடி மறைத்த பிறகு யாரும் திரும்பப் பார்க்கப் போவதில்லை என்பதால்தான் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியும் வயர் உரசித் தேய்ந்தால் ஒருநாள் பார்த்துவிடுவீர்கள். தரைவிரிப்புக்கு அடியில் தேயும் வயரை மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும்.

என் உறவினர் ஒருவரின் காரில் அப்படித்தான் நடந்தது. பின் இருக்கை போர்ட்டுக்காக, 12 வோல்ட் சாக்கெட்டின் பின்புறத்திலிருந்து மெல்லிய வயர் எடுத்து, ஓட்டுநர் இருக்கையின் தண்டவாளத்துக்குக் கீழே விட்டிருந்தார்கள். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த வயரின் மேலுறை கிழிந்து, செம்பு இரும்பில் பட ஆரம்பித்தது. ஒருநாள் வண்டிக்குள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அடிப்பகுதி கருகியிருந்தது. பியூஸ் போகவே இல்லை. போகாததற்குக் காரணம் உண்டு. அந்த சாக்கெட்டுக்கு இருந்தது 15 ஆம்பியர் பியூஸ். பட்டும் படாமலும் உரசும் வயர் சில ஆம்பியர்களைத்தான் இழுக்கும். 15 ஆம்பியர் பியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அந்த மெல்லிய வயருக்கோ அதுவே அதிகம். பியூஸ் காப்பது கருவியை அல்ல, வயரை. அதனால் உங்கள் புதிய வயர் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே அதற்கென்று சிறிய பியூஸ் இருக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாத கடையை மற்ற எதற்காகவும் நம்ப வேண்டியதில்லை.

எந்த அளவு பியூஸ் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு போர்ட் 5 வோல்ட்டில் 2.4 ஆம்பியர் கொடுத்தால் அது 12 வாட். இரண்டு போர்ட்டுக்கு 24 வாட். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் ஏறத்தாழ 90 சதவீதத் திறனோடு வேலை செய்கிறது என்று வைத்தால், காரிலிருந்து இழுப்பது சுமார் 2.2 ஆம்பியர். 3 ஆம்பியர் பியூஸ் போதும். டாஷ்கேமையும் அதே வயரில் சேர்த்தால் 5 ஆம்பியர். வேகமாக சார்ஜ் ஏற்றும் 45 வாட் டைப்-சி போர்ட் ஒன்றும் 18 வாட் போர்ட் ஒன்றும் வேண்டுமானால், 63 வாட்டுக்குக் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் வரும், அதற்கு 7.5. பிளேடு பியூஸ்களில் நிறம் பார்த்தே அளவைச் சொல்லலாம்: 3 ஊதா, 5 இளம்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம். வேலை முடிந்த பிறகு நீங்களே குனிந்து பார்த்துச் சரிபார்த்துக்கொள்ள இந்த நிறங்கள் உதவும்.

அடுத்து, பலரும் தவறு செய்யும் இடத்துக்கு வருகிறேன். பின் இருக்கைக்கு அனுப்ப வேண்டியது 5 வோல்ட்டை அல்ல, 12 வோல்ட்டை. முன்னால் ஒரு சார்ஜரைச் செருகி அதிலிருந்து மூன்று மீட்டர் யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயரைப் பின்னால் இழுத்துவிட்டால் எளிதுதானே என்று தோன்றும். மலிவான நீட்டிப்பு வயர்களுக்குள் இருக்கும் செம்பு தலைமுடியை விடச் சற்றே தடித்த இழைகள்தான், மீட்டருக்கு 0.2 ஓம் அளவுக்கு மின்தடை இருப்பவை நிறைய. போகவும் வரவும் சேர்த்தால் ஆறு மீட்டர், அதாவது 1.2 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே 2.4 வோல்ட் கரைந்துபோகும். 5 வோல்ட்டில் கிட்டத்தட்ட பாதி வழியிலேயே போய்விட்டால் போன் என்ன செய்யும்? மின்னழுத்தம் சரிவதைக் கண்டு தான் இழுக்கும் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும். "சார்ஜ் ஏறுகிறது" என்று திரையில் இருக்கும்; மேப் ஓடும் போனில் சதவீதம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்ந்த பிறகும் 30 சதவீதத்தில் நிற்கும் போன்களைப் பற்றிப் புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

தடித்த வயர் போட்டாலும் 5 வோல்ட்டில் சிக்கல் முழுதாகத் தீராது. 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஆறு மீட்டருக்குச் சுமார் 0.23 ஓம். 2.4 ஆம்பியருக்கு அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு. போர்ட்டில் கிடைப்பது 4.5 வோல்ட்டுக்கும் கீழே. அதே வயரில் 12 வோல்ட்டை அனுப்பினால் அதே 12 வாட்டுக்கு 1.1 ஆம்பியர்தான் ஓடும்; இழப்பு கால் வோல்ட். 12-இல் கால் போனால் கன்வெர்ட்டருக்குத் தெரியவே தெரியாது. அது சரியான 5 வோல்ட்டைப் போனின் அருகிலேயே உருவாக்கிக் கொடுத்துவிடும். ஆகவே கன்வெர்ட்டர் போர்ட்டோடு சேர்ந்தே பின்னால் இருக்கட்டும். நல்லவேளையாக, கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் யூ.எஸ்.பி. சாக்கெட்டுகளில் பெரும்பாலானவை உள்ளேயே கன்வெர்ட்டர் கொண்டவை. வயருக்கு 0.75 அல்லது 1 ஸ்கொயர் எம்.எம். என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு வயரிங்குக்கு விற்கும் சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரி வரை தாங்கக்கூடியது. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உள்ளே 60 டிகிரியைத் தாண்டுவது நம் ஊரில் கோடைக்காலத்து அன்றாடம். டாஷ்போர்டின் மேற்பரப்பு இன்னும் மேலே போகும். வாகனங்களுக்கென்றே வரும் 105 டிகிரி வயர் சில ரூபாய்தான் கூடுதல்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? வாரண்டி கவலை இருப்பதால் தொழிற்சாலை வயரிங்கை எந்த இடத்திலும் வெட்டவோ உரிக்கவோ கூடாது. ஓடும் வயரின் மேல் வைத்து அழுத்தினால் உள்ளே கத்திபோல் குத்திக்கொண்டு இணைப்பு தரும் சிறிய பிளாஸ்டிக் கவ்விகளைச் சிலர் பயன்படுத்துவார்கள். அவை செம்பு இழைகளில் சிலவற்றை அறுத்துவிடும். இரண்டு மழைக்காலம் போனால் அந்த இடம் பச்சை பூத்து நிற்கும். உங்களுக்கு வேண்டியது பியூஸ் டேப் என்ற சிறு பொருள் (ஒட்டும் டேப் அல்ல). பியூஸ் பாக்ஸில் இருக்கும் ஒரு பியூஸை உருவிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகினால், பழைய பியூஸுக்கு ஓர் இடமும் உங்கள் புதிய பியூஸுக்கு ஓர் இடமும் கிடைக்கும். நாளை சர்வீஸுக்கு விடும்போது இரண்டு நிமிடத்தில் கழற்றி, பழைய பியூஸைப் பழையபடி வைத்துவிடலாம். பிளேடு பியூஸ்களில் சாதாரணம், மினி, உயரம் குறைந்த மினி, மைக்ரோ என்று பல அளவுகள் இருப்பதால் உங்கள் காரின் பியூஸ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எந்த பியூஸ் என்பதில் பிடிவாதமாக இருங்கள். சாவியை ஏ.சி.சி. நிலைக்கு, அதாவது என்ஜின் ஓடாமலே ஆடியோ வேலை செய்யும் நிலைக்கு, திருப்பினால் மட்டும் உயிர் பெறும் பியூஸ்தான் வேண்டும். 12 வோல்ட் சாக்கெட்டின் பியூஸோ ஆடியோவின் ஏ.சி.சி. பியூஸோ சரியாக இருக்கும். பியூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ வரைபடம் இருக்கும். இருந்தாலும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே நம்புங்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ்., என்ஜின் கட்டுப்பாடு, பெட்ரோல் பம்ப், ஹெட்லைட் ஆகியவற்றின் பியூஸ்களைத் தொடவே வேண்டாம், அவற்றில் இடம் இருந்தாலும்.

பியூஸ் டேப்பை எந்தப் பக்கமாகத் திருப்பிச் செருகுகிறோம் என்பதும் முக்கியம். பல எலக்ட்ரீசியன்களே இதைக் கவனிப்பதில்லை. சரியான பக்கமாக இருந்தால் உங்கள் வயருக்கான மின்சாரம் புதிய பியூஸ் வழியாக மட்டும் போகும். தலைகீழாக இருந்தால் பழைய பியூஸைக் கடந்து வந்து, பிறகு புதியதையும் கடக்கும். பழைய பியூஸின் மேல் இரண்டு சுமையும் ஏறும். சோதிக்க எளிய வழி உண்டு. டேப்பைச் செருகிய பின் பழைய பியூஸை மட்டும் உருவிவிட்டு, புதிய வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சரி. வராவிட்டால் டேப்பைத் திருப்பிச் செருகுங்கள்.

பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்கலாமே என்று கேட்பார்கள். என்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் தகட்டைத் துளைத்து வர வேண்டும். நம் ஊர் எலிகளுக்கு என்ஜின் அறை வயர் ஒரு விருந்து. இவை போதாதென்று அது எப்போதும் உயிரோடு இருக்கும் இணைப்பு. நீல விளக்கும் வோல்ட் காட்டும் எண்களும் எரியும் ஒரு சாக்கெட் சும்மா இருக்கும்போதே 20 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை ஆம்பியர்-மணி. சிறிய பெட்ரோல் கார்களில் பரவலாக இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. ஒரு மாதம் வெளியூர் போய்த் திரும்பினால் அதில் 14-ஐ அந்த விளக்கே குடித்திருக்கும். காரின் சொந்தக் கடிகாரமும் அலாரமும் இழுப்பது தனிக்கணக்கு. வண்டி கிளம்பாது. நிறுத்தியிருக்கும்போதும் படம் பிடிக்க வேண்டும் என்று டாஷ்கேமை எப்போதும் உயிரோடு வைக்க விரும்பினால், பேட்டரி குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் தானே துண்டிக்கும் கருவி ஒன்று அவசியம். அந்தத் தேவை இல்லையென்றால் ஏ.சி.சி. போதும்.

மின்சாரம் திரும்பிப் போக வேண்டிய எர்த் இணைப்புக்கு, கார் உடலின் இரும்பில் திருகியிருக்கும் போல்ட் ஒன்றைப் பிடியுங்கள். ஓட்டுநரின் இடது பாதத்துக்கோ வலது பாதத்துக்கோ அருகே, பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் தொழிற்சாலையே எர்த் கொடுத்திருக்கும் இடம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். சீட் பெல்ட் போல்ட்டையும் இருக்கை போல்ட்டையும் தளர்த்தாதீர்கள். அவற்றின் இறுக்கம் உயிர் சம்பந்தப்பட்டது.

இனி மறைக்கும் வேலை. இதில் எனக்கு ஒரு விதி உண்டு: கண்ணுக்கு மறைக்கலாம், கைக்கு மறைக்கக் கூடாது. இரண்டு கிளிப்பைத் தளர்த்தினால் கன்வெர்ட்டரும் இணைப்பும் கையில் வர வேண்டும். முன் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் முழு கன்சோலையும் கழற்றினால்தான் எட்டும் என்றால் அந்த இடம் வேண்டாம்.

உங்கள் காருக்கு நான் தேர்ந்தெடுக்கும் இடங்கள் இவை. பின் போர்ட்டுகளுக்கு, முன் இருக்கைகளுக்கு இடையில் ஹேண்ட்பிரேக்கைச் சுற்றியிருக்கும் கன்சோலின் பின்முனை. அதன் பின்சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பதித்தால் பின்னால் அமர்பவரின் கைக்கு எட்டும். நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. காலணி தட்டாத உயரமாகவும் இருக்க வேண்டும். வட்ட வடிவ சாக்கெட்டுக்கு ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் துளை வேண்டும். துளைக்கும் முன் பின்புறம் எவ்வளவு ஆழம் இருக்கிறது, ஹேண்ட்பிரேக் கேபிள் எங்கே ஓடுகிறது என்று கன்சோலைத் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். துளைக்கவே மனமில்லையென்றால் ஆர்ம்ரெஸ்ட் பெட்டிக்குள் போர்ட்டை வைத்து, மூடி இடுக்கு வழியாக வயர் வெளியே வரும்படி விடலாம்.

முன்னால் இன்னொரு அருமையான இடம் இருக்கிறது. ஸ்டியரிங்குக்கு அருகிலோ கியருக்கு முன்னாலோ எழுத்தே இல்லாத வெற்று பொத்தான்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். விலை உயர்ந்த மாடலில் ஏதோ ஒரு வசதிக்கான சுவிட்ச் அங்கே இருக்கும். நமக்கு வாய்த்ததில் வெறும் மூடி. அந்த மூடியின் அளவுக்கே செய்த யூ.எஸ்.பி. சாக்கெட்டுகள் பல கார்களுக்குக் கிடைக்கின்றன. மூடியை எடுத்துவிட்டு இதை அழுத்தினால் தொழிற்சாலையிலேயே வந்ததுபோல இருக்கும். எதையும் துளைக்க வேண்டியதில்லை, விற்கும்போது மூடியைத் திரும்ப வைத்துவிடலாம். நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் அளந்து வாங்குங்கள். கார் பெயரைச் சொல்லி வாங்கினால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் உட்காராமல் போகும்.

டாஷ்கேம் வயர் மேலே போக வேண்டியிருப்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூணின் மூடிக்குள் திணித்துத் தள்ளுவதுதான் வழக்கமாக எல்லோரும் செய்வது. அந்தத் தூணுக்குள், பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருக்கலாம். இந்தியாவில் 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயம். பக்கவாட்டு, கர்ட்டன் ஏர்பேக்குகள் இப்போது சிறிய கார்களிலும் வரத் தொடங்கிவிட்டன. தூண் மூடியில் "ஏர்பேக்" என்று பொறித்திருந்தாலோ உள்ளே மஞ்சள் நிற கப்ளரோ மஞ்சள் டேப் சுற்றிய வயரோ தெரிந்தாலோ, உங்கள் வயர் அந்தப் பையின் முன்னால் குறுக்கே போகக் கூடாது. பை விரியும்போது குறுக்கே இருக்கும் எதுவும் அதன் பாதையைக் கெடுக்கும், அல்லது முகத்தை நோக்கிப் பறந்து வரும். பைக்குப் பின்னால், ஏற்கெனவே ஓடும் தொழிற்சாலை வயரோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுபோவதே முறை. தூணைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். இந்த ஒரு பகுதியில் தயக்கம் இருந்தால் அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவதில் எந்தக் குறையும் இல்லை.

பின்னால் போகும் வயரை இருக்கைத் தண்டவாளத்துக்கு அருகே விடாமல், கன்சோலுக்குள்ளேயே நடுவாகக் கொண்டுபோங்கள்; உங்கள் காரில் அதுதான் குறுகிய வழியும்கூட. கூர்மையான தகட்டு விளிம்பு வரும் இடங்களில் நெளிவுக் குழாய் போட்டு, ஒரு சாணுக்கு ஒரு கட்டு கட்டுங்கள். சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பசை வெயிலில் உருகி வழுக்கி அவிழ்ந்துவிடும். வாகன வயரிங்குக்கென்று வரும் துணி டேப் வாங்கினால் கடகடவென்ற சத்தமும் வராது. இணைப்புகளில் சால்டரிங்கை விட வயர் முனையில் நல்ல கருவியால் அழுத்திய உலோக டெர்மினல் மேல் என்பது என் கருத்து. ஈயம் வயர் இழைகளுக்குள் ஏறி உறைந்த இடத்தில் வயர் விறைத்துவிடும். அந்த விறைப்பு முடியும் புள்ளியில் அதிர்வு தாங்காமல் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். டெர்மினலை அழுத்திய பின் கையால் இழுத்துப் பாருங்கள், உருவிக்கொண்டு வந்தால் திரும்பச் செய்யுங்கள்.

சாக்கெட் வாங்கும்போது "12-24 வோல்ட்" என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நமக்கு 24 தேவைப்படாது. ஆனால் என்ஜின் ஓடும்போது காரில் இருப்பது 12 அல்ல, 14 வோல்ட்டுக்கு மேல்; பெரிய சுமை திடீரென நீங்கும்போது என்ஜினால் ஓடி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் நொடியில் ஒரு பங்குக்குப் பல பத்து வோல்ட்டுகளைக்கூடத் தூக்கி எறியும். 24-க்குச் செய்த கருவிக்குள் அதைத் தாங்கும் பாகங்கள் இருக்க வாய்ப்பு அதிகம். மலிவான கன்வெர்ட்டர் பலகையை வாங்கி நீங்களே சேர்க்க நினைத்தால், அது சாகும்போது 12 வோல்ட்டை அப்படியே போனுக்குள் விட்டுவிடும் ஆபத்தையும் எண்ணிப்பாருங்கள். 500 ரூபாயை மிச்சம் பிடித்து 30,000 ரூபாய் போனை அதன் முனையில் தொங்கவிட எனக்கு மனம் வராது. "மொத்தம் 66 வாட்" என்று எழுதியிருந்தால் அது எல்லா போர்ட்டுகளுக்கும் சேர்த்தா, ஒன்றுக்கா என்று பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

கன்வெர்ட்டர் சூடாகும் என்பதை மறக்காதீர்கள். 45 வாட் கொடுக்கும்போது 5 வாட் அளவுக்கு வெப்பமாகவே வெளியேறும். சத்தம் வராமலிருக்க அதைப் பஞ்சில் சுற்றிக் கன்சோலுக்குள் அடைத்தால் கோடையில் அது நிச்சயம் கெடும். சுற்றிலும் விரல் அகலத்துக்குக் காற்றுக்கு இடம் விடுங்கள்.

இவை எல்லாம் சார்ஜ் ஏற்ற மட்டுமே. பின்னால் இருப்பவர் தன் போனை மியூசிக் சிஸ்டத்தோடு இணைத்துப் பாட்டுப் போடவோ, ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே பயன்படுத்தவோ இந்த போர்ட்டுகள் உதவாது. அதற்கு மியூசிக் சிஸ்டத்தின் சொந்த போர்ட்தான் வேண்டும்.

முடித்ததும் மூடிகளைத் திரும்பப் பொருத்தும் முன்பே சோதியுங்கள். மூன்று போர்ட்டிலும் சார்ஜ் குறைந்த போன்களைப் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் கன்வெர்ட்டரையும் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். கன்வெர்ட்டர் வெதுவெதுப்பாக இருக்கலாம். இணைப்புகள் சூடாகவே கூடாது. எஃப்.எம். வானொலியைப் போட்டு, போர்ட்டில் போனைச் செருகும்போது இரைச்சல் கூடுகிறதா என்று கேளுங்கள். கூடினால் 12 வோல்ட் வயரில் இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தை மாட்டிப் பாருங்கள், கன்வெர்ட்டரை ஆன்டெனா வயரிலிருந்து தள்ளி வையுங்கள். கடைசியாக, சாவியை எடுத்துவிட்டு, எல்லா போர்ட்டும் உண்மையிலேயே உறங்கிவிட்டனவா என்று மீட்டரால் பார்த்துவிட்டு மூடுங்கள். பியூஸ் டேப் எந்த இடத்தில் இருக்கிறது, வயர் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு காகிதத்தில் வரைந்து, வண்டியின் கையேட்டுக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த முறை அந்தக் கன்சோலைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.